அலாய் வீலில் மெல்ல மெல்லக் காற்று இறங்குகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன வாரம் எங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன், வண்டியில் மாட்டியிருந்த வீல் மேலேயே சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஆணி எதுவும் இல்ல, டயர்தான் போயிருக்கு" என்றான். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படியே சொன்னவன். ஆனால் பல நேரம் குற்றம் டயரில் இல்லை, டயர் உட்காரும் அலுமினிய ரிம்மின் அரிப்பில்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். காற்றை அடிக்கடி சரிபாருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

வெளிப்பக்கத்தோடு நிறுத்துவது

பிரேக் தூசியும் சேறும் தங்குவது வீலின் உட்பக்கத்தில். அரிப்பும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். வீலைக் கழற்றித் தரையில் படுக்க வைத்து, டயரும் ரிம்மும் சேரும் இடுக்கில் வாய்க்கால் மாதிரி சோப்புத் தண்ணீரை ஊற்றுங்கள். ஆணி ஓட்டை உடனே குமிழி விடும். அரிப்பில் கசியும் காற்று பொடி நுரையாக மெதுவாகத்தான் கட்டும். பத்து நிமிடமாவது காத்திருங்கள், அப்புறம் புரட்டிப் போட்டு மறுபக்கம் பாருங்கள். வீல் பேலன்ஸுக்காகக் கிளிப் வெயிட் மாட்டியிருக்கும் ஓரத்தில் கூடுதல் கவனம் வையுங்கள். வேறு உலோகம் ஈரத்தோடு அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் சீக்கிரம் அரிக்கும்.

ரிம்மைப் பார்க்காமல் புது டயர் மாட்டுவது

இந்த ஒன்றை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. வாரம் நான்கைந்து பிஎஸ்ஐ இறங்குகிறது என்று ஒருவர் வந்தார். தரையில் படும் பகுதியான ட்ரெட்டில் ஓட்டை இல்லை, வால்வும் சரி. டயரை மாற்றச் சொன்னேன். மாற்றினார். பத்தே நாளில் அதே வீலோடு திரும்பி வந்தார். கழற்றிப் பார்த்தால், டயரின் பீட், அதாவது ரிம்மைக் கவ்வும் உள்விளிம்பு, உட்காரும் இடத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், அடியில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி. பழைய டயரில் ஒரு குறையும் இல்லை. பாதி ட்ரெட் மிச்சமிருந்த டயரை வீணாக்கிவிட்டேன்.

இரும்புத் துரு சிவப்பாகக் கண்ணில் படும். அலுமினியம் அரித்தால் வெள்ளையாகப் பூக்கும், அதனால் அழுக்கு என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பொடி உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் பெயின்டைத் தூக்கிவிடும். மேடு பள்ளமான அந்த இடத்தில் எந்த டயரும், புதியதோ பழையதோ, இறுகி உட்காராது.

இதைவிட எரிச்சல், பொடிக்கு மேலேயே கசிவை அடைக்கும் கறுப்புப் பசையான பீட் சீலரை அப்பி அனுப்புவது. சீலர் பிடிப்பது பொடியை. பொடி உதிர்ந்தால் சீலரும் பெயர்ந்து வரும். அடுத்து வேலை செய்பவர் பசையையும் சேர்த்துச் சுரண்ட வேண்டும்.

டயரைக் கழற்றி, தூக்கிய பெயின்டை உறுதியான பெயின்ட் வரும்வரை சுரண்டுங்கள். ஸ்கிரப் பேடால் வட்டமாகச் சுற்றித் தேயுங்கள். கிரைண்டரை அழுத்தி வைக்காதீர்கள். அலுமினியம் மெத்தென்ற உலோகம், சட்டென்று பள்ளம் விழும், அதுவே காற்று கசியப் புது வழியாகிவிடும். விரல் தடவினால் வழுக்க வேண்டும். டயர் பீடிலும் பொடி ஒட்டியிருக்கும், அதையும் துடையுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு சீலர் மெல்லிய பூச்சாகப் போதும்.

வால்வை அப்படியே விடுவது

டயர் கழன்று கிடக்கும்போதே பழைய ரப்பர் வால்வை மாற்றிவிடுங்கள்.

உள்ளே திரவ சீலன்ட் ஊற்றுவது

அது ட்ரெட் ஓட்டைக்கு. ரிம் அரிப்புக்கு வேண்டாம்.

காற்று அடித்து அடித்தே ஓட்டுவது

நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ அளவு இறங்கும். வெப்பநிலை 5, 6 டிகிரி செல்சியஸ் குறைந்தால் இன்னொரு பிஎஸ்ஐ குறையும். குளிரில் நான்கு வீலும் ஒன்றாக இறங்கினால் கவலை இல்லை. ஒரே வீல் திரும்பத் திரும்ப இறங்கினால் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். காற்று குறைந்து ஓடும் டயரின் பக்கச்சுவர் சூடேறி உள்ளுக்குள் நைந்துபோகும். வெளியே ஒன்றும் தெரியாது.

வெடிப்பை அரிப்பென்று எண்ணுவது

குமிழி இடுக்கிலிருந்து வராமல் உலோகத்தின் நடுவிலிருந்தே வந்தால் வீலில் வெடிப்பு இருக்கலாம். பசை பூசாதீர்கள். அந்த வீலை வண்டியில் திரும்ப மாட்டாதீர்கள்.