ஆளியை உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் போதுமா?

போன வாரம் எங்களிடம் தொழில் பழக வந்த பையன், டப் நிறைய பச்சை ஆளியை (இரட்டை ஓட்டுச் சிப்பி வகை) உப்புத் தண்ணீரில் போட்டு, காற்றுக் குழாயையும் சொருகிவிட்டு, "காலையில எல்லாம் சுத்தமாயிடும்ணே" என்றான். எங்கே எடுத்தது என்றேன். அனல்மின் நிலையத்தை ஒட்டிய கழிமுகமாம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே வசனத்தைத்தான் சொன்னேன்.

செத்த ஆளி, ஐஸ் இல்லாத சரக்கு பற்றியெல்லாம் வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத உலோக நஞ்சு விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஊற வைத்தால் எல்லாம் போய்விடும் என்று நம்புவது

ஆளி மணிக்கு லிட்டர் கணக்கில் தண்ணீரை உறிஞ்சி, செவுளில் சலித்து, இரையைப் பிடித்துக்கொண்டு மீதியை வெளியே விடும். அந்தத் தண்ணீரில் ஈயம், காட்மியம் மாதிரி நச்சு உலோகம் இருந்தால் அதுவும் உள்ளே தங்கும். நல்ல நீரில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் மணல் கக்கும், கழிவுநீர்க் கிருமிகளும் பெரும்பாலும் இறங்கும். இந்தப் பாதி உண்மையில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். காட்மியம் குடலில் கிடப்பதில்லை. சதையிலும் செரிமானச் சுரப்பியிலும் புரதத்தைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இறங்க வாரங்கள், மாதங்கள் ஆகும்.

அன்று நான் 200 கிலோவை இரண்டு நாள் வைத்து, மூன்று முறை தண்ணீர் மாற்றினேன். ஓட்டைப் பிளந்தால் ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று சதை, பல்லில் நறநறவென ஒரு மணல்கூட இல்லை. ஊற வைக்கும் முன்பும் பின்பும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தேன். காட்மியம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆளிக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம்தான் வரம்பு. என் சரக்கு அதைத் தாண்டி நின்றது. வாங்குபவர் போனை வைத்துவிட்டார். குழி வெட்டிப் புதைத்த கூலி வரை என் கணக்கு. இன்றும் யாராவது டப்பைக் காட்டி "சுத்தம்" என்றால் எனக்கு எரிகிறது.

மஞ்சள், புளி, எலுமிச்சை, குக்கர் விசில் எதற்கும் உலோகம் மசியாது. வேகும்போது நீர் வற்றிச் சதை சுருங்குவதால், கிராமுக்குக் கிராம் பார்த்தால் அளவு கூடவும் செய்யும். ஒரு வேளைச் சாப்பாட்டில் யாரும் விழுந்துவிட மாட்டார்கள்தான். ஆனால் சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதி கழியவே 10 முதல் 30 வருஷம் பிடிக்கும்.

நண்டு ஓட்டை விரலால் வழிப்பது

ஓட்டுக்குள் கடுகுக் குழம்பு மாதிரி கொழகொழவென்று இருப்பதைச் சினை என்று நினைத்துக் குழந்தைக்கு முதலில் ஊட்டுகிறோம். சினை ஆரஞ்சு நிறம், மணிமணியாக இருக்கும். கொழகொழப்பது செரிமானச் சுரப்பி. நண்டின் காட்மியம் பெரும்பகுதி அங்கேதான் சேர்கிறது. வேக வைத்தால் கொஞ்சம் தண்ணீரிலும் இறங்கும். நியூயார்க் மாநில சுகாதாரத் துறை அந்தச் சுரப்பியையும் வேக வைத்த நீரையும் கொட்டிவிடச் சொல்கிறது. சளி பிடித்தால் நண்டு ரசம் வைக்கும் வீடுதான் எங்களுடையதும். ஓட்டைப் பிரித்து, சுரப்பியை வழித்தெறிந்து, கழுவிய பிறகுதான் இப்போது இடிக்கிறோம்.

கணவாயைக் குடலோடு சமைப்பது

வேண்டாம். காரணம் நண்டுக்குச் சொன்னதேதான்.

நிறம் பார்த்து முடிவு செய்வது

1986இல் தைவானில் தாமிரம் ஏறிய சிப்பிகள் பச்சையாகவே மாறின; கண்ணுக்குத் தெரிந்தது. ஈயமும் காட்மியமும் அந்த உபகாரம் செய்யாது.

பாதரசத்துக்கு மட்டும் பயப்படுவது

அது சுறா மாதிரிப் பெரிய மீன்களில்தான் அதிகம். ஆளியிலும் நண்டிலும் பார்க்க வேண்டியது காட்மியத்தை.

எங்கே எடுத்தது என்று கேட்காமல் வாங்குவது

"கடல்லதான்" என்பது பதில் ஆகாது. ஊர்ப் பெயர் வரவேண்டும். துறைமுகத் தூண், ஆலைக் கழிவு விழும் கழிமுகம், அனல்மின் நிலையச் சாம்பல் குழம்பு கலந்த எண்ணூர்ப் பக்கம் என்றால் நான் அடுத்த கடைக்குப் போய்விடுவேன். நல்ல இடம் என்றாலும் வாரா வாரம் ஒரே இடத்துச் சரக்கையே வாங்குவதில்லை.