ரவுட்டர்களின் கடிகாரங்களை ஒத்துப்போகச் செய்வது எப்படி?

இரவில் ஓர் இணைப்பு அறுந்துபோனால், மறுநாள் காலையில் நமக்குக் கைகொடுப்பவை ரவுட்டர்களில் நடந்தவற்றை நேரத்தோடு குறித்துவைக்கும் லாக் பதிவுகள்தாம். ஒரு ரவுட்டரின் கடிகாரம் 40 வினாடி பிந்தி ஓடினால், அதில் பதிவான விளைவு, அடுத்த ரவுட்டரில் பதிவான காரணத்துக்கு முன்பே நடந்ததுபோல் தெரியும். தேடல் தவறான இடத்தில் தொடங்கிவிடும். கடிகாரத்தை ஓட்டும் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 வினாடி விலகும் என்பதால், கையால் ஒருமுறை நேரம் வைப்பது போதாது.

டேவிட் மில்ஸ் 1985இல் ஆவணப்படுத்திய என்டிபி (நெட்வொர்க் டைம் புரோட்டோகால்) நெறிமுறையே இதற்கு வழி; நேரம் தரும் சர்வரிடம் கேட்டு ரவுட்டர் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் முறை இது. யுடிபி என்னும் எளிய தரவு அனுப்பு முறையின் 123ஆம் போர்ட்டில் இது இயங்குகிறது. கேள்வி புறப்பட்ட நேரம், சர்வரை அடைந்த நேரம், பதில் புறப்பட்ட நேரம், அது திரும்பி வந்த நேரம் ஆகிய நான்கையும் கொண்டு கடிகார வேறுபாடு கணக்கிடப்படுகிறது. போகும் வழிக்கும் வரும் வழிக்கும் ஒரே அளவு நேரம் ஆகிறது என்று இக்கணக்கு கொள்வதால், போக 10 மில்லிவினாடியும் வர 30 மில்லிவினாடியும் ஆனால் 10 மில்லிவினாடிப் பிழை சத்தமின்றி நுழைந்துவிடும். ஆகவே, கூடியவரை அருகிலுள்ள சர்வர்களையே தேர்ந்தெடுங்கள்.

எல்லா ரவுட்டர்களையும் வெளி சர்வர்களுடன் இணைக்க வேண்டாம். மையத்திலுள்ள இரண்டு மூன்று ரவுட்டர்கள் மட்டும் வெளியிலிருந்து நேரம் பெறட்டும். மற்றவை அவற்றிடம் கேட்கட்டும். மைய ரவுட்டர் ஒவ்வொன்றுக்கும் நான்கு சர்வர்களைக் கொடுப்பது நல்லது. இரண்டே இருந்து அவை முரண்பட்டால் எது சரி என்று தீர்மானிக்க முடியாது. மூன்று இருந்தால் தவறான ஒன்றை ஒதுக்கலாம். நான்கு இருந்தால் ஒன்று செயலிழந்த நாளிலும் அந்த வாய்ப்பு நீடிக்கும். வெளித்தொடர்பு அற்றுப்போகும்போது உள்ளூர்க் கடிகாரமே வழிகாட்ட வேண்டுமானால், அதற்கு ஸ்ட்ரேட்டம் (மூல கடிகாரத்திலிருந்து எத்தனை படி தள்ளி என்பதைக் காட்டும் எண்) 10 போன்ற பெரிய எண்ணையே கொடுங்கள். ஸ்ட்ரேட்டம் 1 என்று கொடுத்தால், பிசகிய அந்தக் கடிகாரத்தை மற்ற ரவுட்டர்கள் மேலானதாக எண்ணிப் பின்பற்றக்கூடும்.

அமைக்கும் முன் நேரத்தைக் கையால் ஓரளவு சரிசெய்துகொள்ளுங்கள். என்டிபியைக் கணினியில் இயக்கும் என்டிபிடி நிரல் இயல்பான அமைப்பில் 1000 வினாடிக்கு மேல் வேறுபாடு கண்டால் திருத்தாமல் நின்றுவிடும். என்டிபி பாக்கெட்டுகள் லூப்பேக் முகவரியிலிருந்து (எந்த ஒரு கேபிளையும் சாராத, ரவுட்டரின் சொந்த முகவரி) புறப்படட்டும். சாவி கொண்டு சர்வர்களைச் சரிபார்க்கவும், யார் நேரம் கேட்கலாம் என்பதை அக்சஸ் லிஸ்ட் என்னும் அனுமதிப் பட்டியல் மூலம் கட்டுப்படுத்தவும் தவறாதீர்கள். லாக் பதிவுகள் எல்லா ரவுட்டர்களிலும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில், மில்லிவினாடியுடன் இருக்கட்டும்.

அமைத்ததும் அவசரப்பட வேண்டாம்; கேள்விகளுக்கு இடைவெளி பொதுவாக 64 வினாடியில் தொடங்கி 1024 வரை நீளும். சர்வர் பட்டியலில் ரீச் என்னும் நெடுவரிசையைப் பாருங்கள். அது கடைசி எட்டுக் கேள்விகளுக்குப் பதில் வந்ததா என்பதைக் குறிக்கும் எட்டு பிட்டுகளை ஆக்டல் (எட்டடிமான) எண்ணாகக் காட்டுவது: 377 என்றால் கடைசி எட்டுக் கேள்விகளுக்கும் பதில் வந்திருக்கிறது, 376 என்றால் ஆகக் கடைசியானது மட்டும் தவறியிருக்கிறது. பல நிமிடங்களுக்குப் பிறகும் 0 என்றே நின்றால், வழியிலுள்ள ஃபயர்வாலோ அக்சஸ் லிஸ்டோ 123ஆம் போர்ட்டை மறிக்கிறதா என்று முதலில் பாருங்கள். லூப்பேக் முகவரிக்குத் திரும்பி வரும் பாதை சர்வர் பக்கம் இருக்கிறதா என்பது அடுத்த சோதனை.