'விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்': விடுதிகளும் இல்லங்களும் போக்சோ புகாரில் செய்யும் தவறுகள்

குழந்தைகள் இல்லமோ மாணவர் விடுதியோ நடத்துகிறவர்களிடம், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அப்படி ஏதாவது காதுக்கு வந்தால் முதலில் நாங்கள் விசாரிப்போம். உண்மை என்று தெரிந்தால் போலீசுக்குச் சொல்வோம்." கேட்பதற்குப் பொறுப்பான பேச்சாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டத்தை மீறுவது அங்கேதான் தொடங்குகிறது, பெரும்பாலும் குழந்தைக்கு இரண்டாவது கேடு தொடங்குவதும் அங்கேதான்.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 19-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. 18 வயது நிறையாத ஒருவர் மீது பாலியல் குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்ச இடம் இருந்தாலும், எவராக இருந்தாலும் சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும். ஆதாரம் திரட்டிக்கொண்டு வரும்படி சட்டம் யாரிடமும் கேட்கவில்லை. உண்மையா பொய்யா என்று பார்ப்பது காவல்துறையின் வேலை, தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. விடுதிக் காப்பாளரின் வேலை, தெரிந்ததைத் தாமதிக்காமல் சொல்வது. அத்துடன் அவருடைய கடமை முடிகிறது. உண்மையைத் தானே கண்டுபிடித்தாக வேண்டும் என்ற பாரத்தைச் சட்டம் அவர் தலையில் ஏற்றவில்லை. பலர் இதைப் புரிந்துகொண்டாலே பாதிப் பயம் போய்விடும்.

'சொல்லிவிட்டு, கடைசியில் பொய் என்று ஆகிவிட்டால் எங்கள் மீது வழக்கு வராதா?' என்ற கேள்வி எல்லாக் கூட்டங்களிலும் வரும். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது சிவில் பொறுப்பும் கிடையாது, குற்றப் பொறுப்பும் கிடையாது என்று அதே 19-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. பொய்ப் புகாருக்குத் தண்டனை சொல்லும் 22-ஆம் பிரிவு, ஒருவரை அவமானப்படுத்த, மிரட்ட, பணம் பறிக்க, அவதூறு செய்ய என்றே புகார் கொடுத்தவர்களுக்கானது. குழந்தை சொன்னதை நம்பிக் காவல் நிலையம் போனவர் அதில் வரமாட்டார். மாறாக, தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் தலைமையில் இருப்பவர், தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். சொன்னால் ஆபத்து என்று நினைக்கிறோம். சட்டப்படி ஆபத்து சொல்லாமல் இருப்பதில்தான்.

உள்விசாரணை என்ற பெயரில் நடப்பது

நிர்வாகம் ஒரு குழு போடுகிறது. குழந்தையைக் கூப்பிட்டு, "என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லு" என்கிறார்கள். மறுநாள் தாளாளர் வந்து மறுபடி கேட்கிறார். பிறகு பெற்றோர் முன்னால் ஒருமுறை. சில இடங்களில் குற்றம் சாட்டப்பட்டவரையே எதிரில் நிறுத்தி, "இவர்தானா? இவர் முகத்தைப் பார்த்துச் சொல்லு" என்று கேட்கிறார்கள். இரவில் அதே ஆளின் பொறுப்பில் தூங்க வேண்டிய பிள்ளை என்ன சொல்லும்? ஒன்று வாய் மூடும், இல்லையென்றால் "நான் சும்மா சொன்னேன்" என்று பின்வாங்கும். அதை எழுதி வாங்கி, 'புகார் பொய்யென நிரூபணமானது' என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

பின்வாங்காமல் உறுதியாக நிற்கிற குழந்தைக்கும் இதனால் கேடுதான். நான்கு பேரிடம் நான்கு முறை சொன்னால் நான்கு விதமாகத்தான் வரும், பெரியவர்களுக்கும் அப்படித்தான். வழக்கு நீதிமன்றத்துக்கு வரும் நாளில், நிர்வாகம் எழுதி வாங்கிய அந்தத் தாள்களை வைத்துக்கொண்டுதான் எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். குழந்தையைத் திரும்பத் திரும்பப் பேச வைக்கக் கூடாது என்பதற்காகவே சட்டம் தனி முறை வகுத்திருக்கிறது. குழந்தை இருக்கும் இடத்துக்கோ அது விரும்பும் இடத்துக்கோ போய், முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வாக்குமூலம் பெற வேண்டும். எக்காரணம் கொண்டும் இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

இதற்குள் தடயமும் போய்விடுகிறது. உடுத்தியிருந்த துணியைத் துவைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, 'சுத்தமாக' வைத்துவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் மருத்துவப் பரிசோதனையில் கிடைத்திருக்க வேண்டியது தண்ணீரோடு போய்விடுகிறது. கேமராப் பதிவுகள் பல கருவிகளில் சில வாரங்களில் தாமாக அழிந்து புதிய பதிவு ஏறிவிடும். வருகைப் பதிவேடு, இரவுப் பணிப் பட்டியல், வெளியே போய்வந்த நேரக் குறிப்பு எல்லாம் 'சரி' செய்யப்படுகின்றன. குழு தன் அறிக்கையைத் தட்டச்சு செய்து முடிக்கும்போது சம்பந்தப்பட்டவர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊரில் இன்னொரு விடுதியில் சேர்ந்திருப்பார். பெயர் கெடக்கூடாது என்று ஒரு நிர்வாகம் செய்யும் இந்த அமைதியான வழியனுப்பலை நான் மன்னிக்க முடியாத செயலாகவே பார்க்கிறேன். அந்த அடுத்த விடுதியிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இன்னும் மோசமான ஒன்று, ஆளை வைத்துக்கொண்டு பிள்ளையை அனுப்புவது. மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து, "கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும்" என்று பெற்றோரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். குழந்தை பார்வையில் அது தண்டனை. தன் வாயால் படிப்பு போனது என்றுதான் அது புரிந்துகொள்ளும். விலக்கி நிறுத்த வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவரை, அதுவும் அன்றைக்கே, காவல்துறைக்குச் சொன்ன கையோடு.

"நான் மேலே சொல்லிவிட்டேன்"

சட்டம் 'எவராக இருந்தாலும்' என்கிறது. சமையல் அம்மா, இரவுக் காவலாளி, பகுதிநேர டியூஷன் ஆசிரியர், வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் மருத்துவர் என எல்லோரும் அதற்குள் வருகிறார்கள். காப்பாளரிடம் சொன்னதோடு சமையல் அம்மாவின் கடமை தீர்ந்துவிடவில்லை. காப்பாளர் செயலாளரிடம் சொன்னதோடு அவருடையதும் தீரவில்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிடுவது நல்லது, கூப்பிட வேண்டும். ஆனால் சட்டம் காட்டும் இடம் காவல்துறை. ஆகவே காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லைக்காக அமைத்த உள்ளகப் புகார்க் குழுவிடம் இதை அனுப்பிவிட்டு ஓய்வதும் பரவலாக நடக்கிறது. அந்தக் குழு வேறு சட்டத்தின் கீழ் வருவது, அதற்கு அனுப்பியது போக்சோ புகாருக்கு ஈடாகாது.

மருத்துவர்கள் விஷயத்தில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவில் இருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டம் ராஜுராவில் ஒரு பள்ளி விடுதியில் 17 பழங்குடிச் சிறுமிகள் பாதிக்கப்பட்ட வழக்கு அது. அந்த விடுதிப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர், விஷயம் தெரிந்தும் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. அவர் மீதான முதல் தகவல் அறிக்கையை (எஃப்.ஐ.ஆர்.) உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கி, தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம், குற்றவாளிகளைக் காப்பாற்றும் முயற்சி என்று கூறியது.

மேற்பார்வை செய்யும் அதிகாரிகளுக்கும் இதே கதிதான். பீகாரின் முசாபர்பூர் சிறுமியர் காப்பகக் கொடுமை 2018-இல் வெளியே வந்தது ஒரு சமூகத் தணிக்கையால். டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் குழு போய்ப் பிள்ளைகளிடம் பேசியது, பேசியதும் மௌனம் உடைந்தது. அதற்கு முன் அரசு ஆய்வாளர்கள் அந்தக் கட்டடத்துக்குள் போகாதவர்கள் அல்ல. 2020 ஜனவரியில் தில்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தபோது, அதில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் முன்னாள் உதவி இயக்குநர் ஒருவரும் இருந்தார். தெரிந்தும் புகார் செய்யாததற்காக அதே 21-ஆம் பிரிவில்.

பிள்ளை உங்களிடம் சொன்ன அந்த நேரம்

பெரும்பாலும் குழந்தை நேரடியாகச் சொல்லாது. "அந்த சார் இருக்கும்போது நான் மாடிக்குப் போகமாட்டேன் ஆயாம்மா" என்று பாத்திரம் கழுவும் இடத்தில் சொல்லும். அதிர்ச்சியைக் காட்டிக் கத்தாதீர்கள். "ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்கவே கேட்காதீர்கள், அந்தக் கேள்வி பழியைப் பிள்ளை மேல் தூக்கி வைக்கிறது. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்வதும் தவறு. சொல்லியாக வேண்டியவர் நீங்கள், நாளைக்கு அந்த வாக்கை உடைக்கும்போது பிள்ளை உங்களையும் நம்பாது. "சொன்னது நல்லது, உன் மேல் எந்தத் தப்பும் இல்லை, உன்னைக் காப்பாற்றக்கூடியவர்களிடம் நான் இதைச் சொல்லப் போகிறேன்" என்பது போதும். துருவிக் கேட்க வேண்டியதில்லை. "அவர் இங்கே தொட்டாரா?" என்று நீங்கள் எடுத்துக் கொடுத்த விடை பிறகு பிள்ளையின் விடையாக நிற்காது. அது தன் சொந்த வார்த்தையில் சொன்னதை அப்படியே, கொச்சையாக இருந்தாலும் மாற்றாமல், தேதி, நேரம், இடத்தோடு எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். பிறகு நேராகக் காவல் நிலையம்.

ஆண்பிள்ளை என்றால் 'விளையாட்டு' என்று தள்ளிவிடுகிற வழக்கம் விடுதிகளில் ஆழமாக இருக்கிறது. போக்சோவில் ஆண் பெண் வேறுபாடு கிடையாது. மூத்த மாணவன் இளைய மாணவனிடம் நடந்துகொண்டதும் புகாருக்கு உரியதே. அந்த மூத்தவனும் 18-க்குக் கீழ் என்றால் அவன் விவகாரத்தை இளைஞர் நீதிக் குழுமம் பார்க்கும்.

பெற்றோர் வேண்டாம் என்றால்

பெற்றோரின் சம்மதம் கிடைத்தால்தான் தகவல் தர வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. அவர்களுக்கு உடனே தெரிவியுங்கள், கூட இருங்கள், அவர்களுடைய பயம் நியாயமானது. ஆனால் "பொம்பளப் பிள்ளை, ஊருக்குத் தெரிஞ்சா கல்யாணம் ஆகாது" என்று அவர்கள் அழுவது உங்கள் கடமையை நீக்காது. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, தொகை கொடுத்து எழுதி வாங்கிய சமரசத்துக்கும் மதிப்பில்லை. ராஜஸ்தானில் ஆசிரியர் ஒருவர் மீதான வழக்கை, தந்தையோடு சமரசம் ஆகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, வழக்குக்கு மீண்டும் உயிர் வந்தது.

பெற்றோருடைய அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் ஒரு பதில் உண்டு. குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. 23-ஆம் பிரிவின் கீழ் அது ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். இந்த இடத்தில் ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுதான் பெரிய ஓட்டை. 'நம் விடுதி எட்டாம் வகுப்புப் பிள்ளை' என்று ஒருவர் அக்கறையோடு தட்டிவிட்ட செய்தி இரவுக்குள் ஊர் முழுக்கப் போய்விடுகிறது.

மருத்துவமனையில், "எஃப்.ஐ.ஆர். கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினால் திரும்பி வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். பதிவாகாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம் என்று 27-ஆம் பிரிவு சொல்கிறது. சிறுமி என்றால் பெண் மருத்துவர்தான் செய்ய வேண்டும். காவல் நிலையத்தில், மனு வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினாலும் அதோடு நிற்காதீர்கள். தகவலுக்குப் பதிவு எண் இட்டு, எழுதி, படித்துக் காட்ட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். எல்லை எங்களுடையதல்ல என்று மறுக்கவும் முடியாது, எந்த நிலையத்திலும் பதியலாம். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் காவல்துறை தெரிவிக்க வேண்டும். தெரிவித்தார்களா என்று நலக் குழுவிடம் நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

18 வயதைத் தாண்டியவர்கள்

மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்களில் பணிபுரிகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். முப்பது வயதுப் பெண்ணுக்கு மனவயது ஆறு என்றாலும் போக்சோ பொருந்தாது. உடல் வயதைத்தான் பார்க்க வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே எல்லோரையும் கட்டாயப்படுத்தும் அந்த 19-ஆம் பிரிவு இவர்களுக்குக் கிடைக்காது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 7-ஆம் பிரிவில், கொடுமை நடப்பதாக நம்பக் காரணமுள்ள எவரும் நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம் என்பதோடு நின்றுவிடுகிறது. இது சட்டத்தில் உள்ள பெரிய குறை என்பது என் உறுதியான கருத்து. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமத்தில், மனநலம் பாதித்தவர்களும் ஆதரவற்றவர்களும் பட்ட கொடுமை வெளியே வந்தபோது நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்க வேண்டியிருந்தது. அதற்கு வழிவிட்டது அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று உறவினர் தேடியதுதான்.

கட்டாயம் இல்லை என்பதால் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நிர்வாக நடுவர்களான கோட்டாட்சியரிடமோ வட்டாட்சியரிடமோ 7-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். தகவல் கிடைத்ததும் கொடுமையைத் தடுக்கவும், பாதிக்கப்பட்டவரை மீட்கவும் உடனே நடவடிக்கை எடுப்பது நடுவரின் கடமை என்று அதே பிரிவு சொல்கிறது. பாலியல் குற்றம் என்றால் அதோடு காவல் நிலையத்திலும் தனியாகப் புகார் கொடுங்கள். மனக்குறைபாடோ உடற்குறைபாடோ உள்ள பெண்ணை வன்புணர்வு செய்வது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கூடுதல் தண்டனைக்குரிய குற்றம். அத்தகைய தகவலைப் பதிய மறுக்கும் காவல் அதிகாரிக்கே குறைந்தது ஆறு மாதக் கடுங்காவல் உண்டு. முதியோர் இல்லத்தில் நடப்பது என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது. எந்த வழியில் போனாலும், பாதிக்கப்பட்டவர் இன்றிரவு எங்கே, யாருடைய பொறுப்பில் தூங்குவார் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே கேட்டு எழுதுங்கள்.