கல்யாண சிடி, டிவிடிகளைக் கணினியில் படியெடுத்துக் காக்கும் முறை

1990-களின் கடைசியிலிருந்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் வடசென்னையில் நடந்த திருமணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து எல்லாம் முதலில் விசிடியாகவும் பின்னர் டிவிடியாகவும்தான் வீடு வந்து சேர்ந்தன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை ஸ்டுடியோக்காரர் தம் கணினியில் எழுதிக் கொடுத்தவை. திரைப்பட வட்டுகளைப் போல ஆலையில் அச்சடிக்கப்பட்டவை அல்ல. எழுதப்பட்ட வட்டில் காட்சிகள் ஒரு மெல்லிய சாயப் படலத்தில் பதிந்திருக்கின்றன. வெயில், வெப்பம், ஈரப்பதம் ஆகிய மூன்றும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில், மொட்டைமாடித் தளத்தை ஒட்டிய பரணில் பல கோடைகளைக் கழித்த வட்டுக்கு இம்மூன்றுமே வாய்த்துவிடுகின்றன. பழைய விஎச்எஸ் கேசட்டை விசிடியாக மாற்றிக்கொண்டு கேசட்டைத் தூக்கிப்போட்ட வீடுகளில், அந்த வட்டைத் தவிர வேறு பிரதியே கிடையாது. ஆகவே பழைய வட்டுகளிலிருந்து தொடங்குங்கள். அவற்றிலும் ஒரே பிரதி மட்டும் உள்ளவற்றுக்கு முதலிடம் கொடுங்கள்.

பலர் செய்வது, நேராக எம்பி4 கோப்பாக மாற்றிவிட்டு வட்டை மறந்துவிடுவது. மாற்றும்போது படத்தின் தரம் ஓரளவு குறைகிறது. தலைப்புப் பட்டியல், காட்சிப் பிரிவுகள் போன்றவையும் விடுபட்டுப் போகின்றன. எனவே முதலில் வட்டில் உள்ளதை உள்ளபடியே ஒரு முழுப் படிமமாக, அதாவது வட்டு முழுவதன் நகலான கோப்பாக, எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எம்பி4 வேலையை அந்தப் படிமத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் எத்தனை முறையும் செய்துகொள்ளலாம். நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டிருக்கும் வட்டை அப்படி மீண்டும் மீண்டும் படிக்க முடியாது.

இன்றைய மடிக்கணினிகளில் வட்டு இயக்கி இருப்பதில்லை என்பதால், யூஎஸ்பியில் இணைக்கும் டிவிடி ரைட்டர் ஒன்று தேவைப்படும். அது மின்சாரத்தையும் யூஎஸ்பி வழியாகவே எடுத்துக்கொள்கிறது. மேசைக் கணினியாக இருந்தால் முன்பக்கத் துளையில் செருகாமல் பின்பக்கத் துளையில் செருகுவது நல்லது. மின்சாரம் போதாமல் இயக்கி தடுமாறுவதை வட்டின் கோளாறு என்று எண்ணிவிடும் வாய்ப்பு உண்டு.

வட்டைத் துடைக்க, மென்மையான பருத்தித் துணியைச் சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்துகொண்டு, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் ஏற்படும் கீறல் தடத்தின் போக்கிலேயே அமைந்து, தொடர்ச்சியாகப் பல தகவல்களை மறைத்துவிடும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகியவை அறவே கூடாது. மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கர் ஓரத்தில் பெயர்ந்திருந்தாலும் அதை உரிக்காதீர்கள். சிடியில், ஒளியைத் திருப்பும் படலம் மேற்பக்கத்தில், ஒரு மெல்லிய பூச்சுக்குக் கீழேதான் இருக்கிறது. ஸ்டிக்கரோடு சேர்ந்து அதுவும் உரிந்து வந்தால் அந்த இடத்தில் இருந்த காட்சி திரும்பக் கிடைக்காது. டிவிடியில் அந்தப் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை.

விண்டோஸ் கணினியில் டிவிடியைப் படியெடுக்க, இலவசமாகக் கிடைக்கும் இம்க்பர்ன் என்ற மென்பொருள் போதும். வட்டிலிருந்து படிமக் கோப்பு உருவாக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, படிக்கும் வேகத்தை 4 மடங்கு (4x) என்ற அளவுக்குக் குறைத்து, ஐஎஸ்ஓ கோப்பாகச் சேமியுங்கள். நிறைந்த டிவிடி ஒன்றின் கொள்ளளவு 4.7 ஜிபி, இந்த வேகத்தில் சுமார் கால் மணி நேரம் ஆகும். சேமிக்கும் ஹார்ட் டிஸ்க்கோ பென் டிரைவோ ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து அமைக்கப்பட்டிருந்தால் 4 ஜிபியைத் தாண்டும் கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்துக்கொள்ள வேண்டும். அப்படி அமைக்கும்போது அதில் ஏற்கெனவே உள்ளவை அழிந்துவிடும் என்பதால், அவற்றை முன்கூட்டியே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

விசிடியின் அமைப்பு வேறு. அதில் வீடியோவைத் தாங்கும் ஒவ்வொரு துண்டிலும் வழக்கமான 2048 பைட்டுக்குப் பதிலாக 2324 பைட் தகவல் இருக்கும். பிழை திருத்தத்துக்கென ஒதுக்கப்படும் இடத்தின் பெரும்பகுதியையும் வீடியோவே எடுத்துக்கொள்வதால்தான் 700 எம்பி வட்டில் அவ்வளவு நேரப் படம் அடங்கியது. அதனால் சிறு கீறல்கூட விசிடியில் சதுரம் சதுரமாகத் தெரிகிறது. இத்தகைய வட்டை ஐஎஸ்ஓவாக எடுத்தால் முழுமையாக வராது. பின் (.bin), கியூ (.cue) என்ற இணைக் கோப்புகளாக எடுக்க வேண்டும், அவ்விரண்டையும் பிரிக்காமல் ஒரே கோப்புறையில் வைக்க வேண்டும். பார்ப்பதற்கு மட்டும் என்றால், எம்பெக்ஏவி (MPEGAV) என்ற கோப்புறைக்குள் இருக்கும் டேட் (.dat) கோப்பைத் தனியே நகலெடுத்து, வீடியோ பார்க்க உதவும் விஎல்சி மென்பொருளில் திறந்தால் ஓடும்.

படித்துக்கொண்டே வந்து பாதியில் நின்றுவிடும் வட்டுகளுக்குத்தான் உண்மையான உழைப்பு தேவைப்படுகிறது. டிவிடி உள்பக்கத்தில் தொடங்கி விளிம்பை நோக்கி எழுதப்படுவதாலும், கைரேகையும் தேய்மானமும் விளிம்பிலேயே அதிகம் என்பதாலும், முகூர்த்தம் வரை நன்றாக ஓடிய வட்டு பந்திக் காட்சியில் வந்து திணறுவதைப் பார்க்கலாம். இந்நிலையில் அதே மென்பொருளில் திரும்பத் திரும்ப முயலாமல், விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து இயக்கி, அதில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற கருவியை நிறுவிப் பயன்படுத்துங்கள். சிக்கலான இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் அது தாண்டிச் சென்று, எளிதாகக் கிடைப்பவற்றை முதலில் எடுத்துக்கொள்ளும். எவை கிடைத்தன, எவை பாக்கி என்பதை மேப் கோப்பு ஒன்றில் குறித்து வைத்து, பிறகு விடுபட்ட இடங்களுக்குத் திரும்பி வரும். அந்த மேப் கோப்பைப் பத்திரமாக வைத்திருந்தால், அதே வட்டை வேறொரு கணினியின் இயக்கியில் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஓர் இயக்கி கைவிட்ட பகுதியை இன்னோர் இயக்கி படித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

நம் வழக்கப்படி பெண் வீட்டாருக்கு ஒரு செட்டும் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு செட்டும் கொடுத்திருப்பார்கள். இரண்டும் ஸ்டுடியோவின் ஒரே மூலத்திலிருந்து எழுதப்பட்டிருந்து, வட்டின் அளவு பைட் கணக்கில் சரியாகப் பொருந்துமானால், பெண் வீட்டு வட்டில் கிடைக்காத துண்டுகளை மாப்பிள்ளை வீட்டு வட்டிலிருந்து அதே மேப் கோப்பின் துணையோடு நிரப்பிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே இடத்தில் கெட்டிருப்பது அரிது. தண்டையார்பேட்டையில் கிடைக்காத அரை நிமிடம் பெரம்பூர்ச் சம்பந்தி வீட்டு அலமாரியில் இருக்கக்கூடும். வட்டைக் கைவிடும் முன் அவர்களைக் கேட்டுவிடுங்கள்.

8 சென்டிமீட்டர் அளவுள்ள கேம்கார்டர் வட்டுகளைக் கதவில்லாத, பிளவில் செருகும் இயக்கியில் போடாதீர்கள், உள்ளே சிக்கிக்கொள்ளும். கணினி அவற்றைக் காலி வட்டு என்று காட்டினால், பதிவு இறுதி செய்யப்படாமல் விடப்பட்டிருக்கலாம். எடுத்த கேம்கார்டர் இன்னும் இயங்கினால் அதிலேயே இறுதி செய்துகொண்டு வருவதுதான் பாதுகாப்பான வழி.

படிமம் கிடைத்ததும் அதை விஎல்சியில் திறந்து, ஒவ்வொரு காட்சிப் பிரிவிலும் சற்று நேரம், கடைசி ஐந்து நிமிடம் முழுவதுமாகப் பார்த்துவிடுங்கள். அதன் பிறகு எம்பி4. எம்பி4 அல்லாமல், படத்தை மறுசுருக்கம் செய்யாத ஒரே எம்கேவி கோப்பு போதுமென்றால் மேக்எம்கேவி உதவும். கைபேசியில் அனுப்பும் அளவுக்குச் சிறிய எம்பி4 ஆக்க ஹேண்ட்பிரேக் ஏற்றது. ஹேண்ட்பிரேக்கில் எச்.264 என்ற சுருக்க முறை, தர அளவு 18 முதல் 20 வரை, நொடிக்கு 25 படங்கள் என்று வைத்து, டீஇன்டர்லேஸ் வசதியை இயக்குங்கள். அதை விட்டுவிட்டால் ஆரத்தித் தட்டு சுற்றும்போது அதன் ஓரம் சீப்புப் பல்லாகப் பிளந்து தெரியும். 720க்கு 576 என்ற அளவுள்ள படத்தை எச்டி அளவுக்குப் பெரிதாக்குவதால் புதிய விவரம் எதுவும் வந்துவிடாது; கோப்புதான் பெருக்கும்.

இங்கு சொன்னவை உங்கள் குடும்ப வீடியோக்களுக்கு மட்டுமே. கடையில் வாங்கிய திரைப்பட வட்டுகளில் நகல் தடுப்புப் பூட்டு இருக்கும்; உரிமையை மீறும் நோக்கத்தோடு அதை உடைப்பது, பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்படி குற்றம்.

படிமங்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்ததை நாம் பார்த்தோம். அடுத்த தெருவில் உள்ள அண்ணன் வீட்டில் ஒரு பிரதி வைத்தால், அத்தகைய வெள்ளத்தில் இரண்டும் சேர்ந்தே போகும். கூகுளின் இலவச 15 ஜிபி இடத்தில் நிறைந்த டிவிடி படிமங்கள் மூன்றுதான் அடங்கும். அங்கே எம்பி4களை மட்டும் ஏற்றினால் போதும். ஹார்ட் டிஸ்க்கை ஆண்டுக்கு ஒருமுறையாவது இணைத்துச் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். அசல் வட்டுகளை எறிந்துவிடாமல், தனித்தனி உறையில் செங்குத்தாக நிறுத்தி, பரணில் அல்லாமல் பீரோவின் கீழ்த்தட்டில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஈரத்தில் நிறம் மாறும் வகையாக இருந்தால், அந்தப் பொட்டலத்தை எப்போது மாற்ற வேண்டும் என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.