ஸாரி கேட்காதீர்கள், சொல்லுங்கள்

அப்பா இறந்த வாரம், வெளிநாட்டில் இருக்கிற அலுவலக நண்பர் ஒருவர் "ஐ ஆம் ஸோ ஸாரி" என்று மெசேஜ் அனுப்பியிருந்தார். நானும் பெருந்தன்மையாக "இட்ஸ் ஓகே, நாட் யுவர் ஃபால்ட்" என்று பதில் போட்டேன். அதற்கு அவர் ஒன்றும் எழுதவில்லை. என்ன எழுதுவார், பாவம்.

நமக்கு ஸாரி என்றால் மன்னிப்பு. பஸ்ஸில் காலை மிதித்தால் ஸாரி, போன் எடுக்காவிட்டால் ஸாரி, தப்பு செய்தவன் சொல்ல வேண்டியது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அது முதலில் வருத்தம், மன்னிப்பெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், மீதி தானாக விளங்கும்.

பழைய ஆங்கிலத்தில் வலி, புண் என்று பொருள்படும் ஒரு சொல் இருந்தது. தொண்டை கட்டினால் 'ஸோர் த்ரோட்' என்கிறோமே, அந்த 'ஸோர்' அதன் நேர் வாரிசு. ஸாரியும் அதே வயிற்றுப் பிள்ளைதான். உள்ளே வலிக்கிறவன் என்பதுதான் ஆதிப் பொருள். துயரத்தைக் குறிக்கும் 'ஸாரோ' கூடப் பிறந்தது போலத் தெரியும், ஆனால் வேர் வேறு. பக்கத்து வீட்டில் வளர்ந்ததால் சாயல் வந்துவிட்டது. இன்னொரு வேடிக்கை, ஜெர்மன் மொழியில் 'மிகவும்' என்பதற்கு உள்ள சொல்லும் இதே குடும்பம். வலி எப்படி 'மிகவும்' ஆகும் என்று யோசிக்க வேண்டாம், நாம் "பிரியாணி பயங்கரமா நல்லா இருக்கு" என்று சொல்வதில்லையா?

சரி, இப்போது நம் ஆட்கள் அதிகம் செய்கிற தப்புக்கு வருவோம். "ஹி ஆஸ்க்ட் ஸாரி." தமிழில் மன்னிப்பைக் கேட்கிறோம், அதனால் ஸாரியையும் "கேட்டான்" என்கிறோம், அதை அப்படியே ஆங்கிலத்துக்கும் தூக்கிக்கொண்டு போகிறோம். ஆனால் ஸாரி என்பது கேட்டு வாங்குகிற பொருள் இல்லை, சொல்பவருடைய மனநிலை. 'பசிக்கிறது' என்பது போல. அதனால் "ஹி ஸெட் ஸாரி" என்பதே சரி. கேட்டு வாங்குகிற பொருளாகத்தான் மன்னிப்பு வேண்டும் என்றால் 'ஃபர்கிவ்னஸ்' இருக்கிறது, தாராளமாகக் கேளுங்கள்.

அடுத்து, பின்னால் என்ன சேர்ப்பது. இப்போது செய்துகொண்டிருக்கிற தொந்தரவுக்கு 'டு': கதவைத் தட்டிவிட்டு "ஸாரி டு டிஸ்டர்ப் யூ." செய்து முடித்ததற்கு 'ஃபார்': "ஸாரி ஃபார் பீயிங் லேட்." நடந்த விஷயத்தைப் பொதுவாகச் சொல்ல 'அபௌட்': "ஸாரி அபௌட் யெஸ்டர்டே." ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும், 'ஃபார்' போட்டு ஆளைச் சேர்த்தால் அது இரக்கமாகிவிடும். மேனேஜரிடம் மன்னிப்பு கேட்பதாக நினைத்து "ஐ ஃபீல் ஸாரி ஃபார் யூ" என்று எழுதினால், உங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு அப்புறம் நிஜமாகவே மன்னிப்பு கேட்க வேண்டிவரும்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் வருத்தமும் போய்விடும், பரிதாபம் மட்டும் மிஞ்சும். 'எ ஸாரி எக்ஸ்க்யூஸ்' என்பது உப்புச்சப்பில்லாத சாக்கு. "யூ வில் பி ஸாரி" என்றால் மிரட்டல், நம் "பின்னாடி வருத்தப்படுவே" அப்படியே இருக்கிறது.

ஸாரி என்றால் வருத்தமா மன்னிப்பா என்று இரண்டு நாடுகளே இழுபறி நடத்தியிருக்கின்றன. 2001 ஏப்ரல் 1 அன்று ஹைனான் தீவுக்கு அருகே அமெரிக்க உளவு விமானம் ஒன்றும் சீனப் போர் விமானம் ஒன்றும் மோதிக்கொண்டன. சீன விமானி இறந்தார். அமெரிக்க விமானம் அனுமதி இல்லாமலே ஹைனானில் இறங்கியது. உள்ளே இருந்த 24 பேரையும் சீனா பிடித்து வைத்துக்கொண்டு, மன்னிப்பு கேட்டால்தான் ஆச்சு என்றது. அமெரிக்கா கடைசியில் கொடுத்த கடிதத்தில் 'வெரி ஸாரி' இரண்டு முறை வந்தது, விமானி இறந்ததற்கு ஒன்று, வாய்மொழி அனுமதி இல்லாமல் இறங்கியதற்கு ஒன்று. மன்னிப்பு கேட்பதை நேராகக் குறிக்கிற 'அபாலஜி' என்ற சொல் எங்கும் இல்லை. சீனா அதை மன்னிப்பு என்று தன் மக்களிடம் சொன்னது, அமெரிக்கா இது வெறும் வருத்தம்தான் என்று தன் மக்களிடம் சொன்னது. 24 பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். நம் தூர்தர்ஷன் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று போடுமே, கிட்டத்தட்ட அதே சாமர்த்தியம்.

கனடாவில் இதற்குச் சட்டமே போட்டுவிட்டார்கள். ஒன்டாரியோ மாகாணத்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, விபத்துக்குப் பின் ஒருவர் ஸாரி சொன்னார் என்பதற்காக மட்டும் சிவில் வழக்கில் அவர் தப்பை ஒத்துக்கொண்டார் என்று ஆகாது.

அதனால் மனதார மன்னிப்பு கேட்கும்போது "ஸாரி இஃப் யூ வேர் ஹர்ட்" என்று எழுதாதீர்கள். அந்த 'இஃப்' எல்லாவற்றையும் கெடுத்துவிடும், நீ புண்பட்டிருந்தால்தான் என்று பழி அங்கே தாவிவிடுகிறது. "ஸாரி ஐ ஹர்ட் யூ", முடிந்தது. காதில் விழாதபோது "வாட்?" என்று முகத்தில் அடிக்காமல், குரலை லேசாகத் தூக்கி "ஸாரி?" என்றால் போதும்.

துக்கம் கேட்பவர் ஸாரி சொன்னால் பதில் "தேங்க் யூ" மட்டுமே. இது எனக்குத் தெரியவந்தபோது மூன்று மாதம் ஓடிவிட்டது. அந்த நண்பருக்கு, அன்றைக்கு அப்படி எழுதியதற்கு ஸாரி என்று ஒரு வரி அனுப்பினேன். "நத்திங் டு பி ஸாரி அபௌட்" என்று பதில் வந்தது. 'அபௌட்' போட்டிருக்கிறார், கவனித்தீர்களா?