மலையில் ஓட்ட முதல் சொகுசு கார்: பிராண்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் முதல் சொகுசு கார் வாங்க நினைக்கும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: பென்ஸா, பிஎம்டபிள்யூவா, ஆடியா, வோல்வோவா? ரிசார்ட் நடத்துபவர், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் இரண்டு முறை ஹட்டிக்கு (படுகர் கிராமத்துக்கு) வருபவர் என்று ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஆனால் அவர்கள் பார்க்கும் வீடியோக்களில் கார் ஓடுவது எட்டு வழிச் சாலையில். வாங்கிய பிறகு ஓட வேண்டியது மேட்டுப்பாளையம்-குன்னூர் மலைச்சாலையின் பர்லியாறு ஏற்றத்தில். அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறோம். கொடைக்கானல்காரர்கள் பர்லியாறு என்று வரும் இடத்தில் பெருமாள்மலை என்று படித்துக்கொள்ளலாம்.

படி 1: பிடித்த காரணத்தைத் தாளில் எழுதுங்கள்

ஷோரூம் போகும் முன், எந்த பிராண்ட் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். "நல்லா இருக்கும்" என்று எழுதக் கூடாது. சோதித்துப் பார்க்கக்கூடிய காரணமாக இருக்க வேண்டும்.

பொதுவாக வரும் காரணங்கள் நான்குதான். பிஎம்டபிள்யூ என்றால் ஸ்டீயரிங், ஓட்டும் சுகம். பென்ஸ் என்றால் மரியாதை. இந்த மரியாதை நம் ஊரில் விளம்பரத்தால் வந்ததில்லை. 1954-ல் டாட்டாவும் டைம்லர் பென்ஸும் கூட்டுச் சேர்ந்து லாரி தயாரித்தபோது, அந்த நட்சத்திரம் போட்ட பென்ஸ் லாரி நம் தாத்தாக்களின் மனதில் உழைப்புக்கும் வசதிக்கும் அடையாளமாக நின்றுவிட்டது. வீட்டுப் பெரியவர்கள் பணம் போடுகிறார்கள் என்றால் பென்ஸ் பக்கம் தராசு சாய்வதற்கு இது ஒரு காரணம்.

ஆடி என்றால் விளக்குகளும், குவாட்ரோ என்ற நான்கு சக்கர இழுவையும். வோல்வோ என்றால் பாதுகாப்பு. இன்று எல்லா வண்டியிலும் இருக்கும் மூன்று முனை சீட் பெல்ட்டை 1959-ல் கொண்டுவந்தது அவர்கள்தான். இருந்தும் நம் இளைஞர்கள் பலர் வோல்வோவைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை, ஏனென்றால் தமிழ்நாட்டில் வோல்வோ என்றால் ஏசி பஸ். கார் நிறுவனமும் பஸ் நிறுவனமும் 1999-லேயே பிரிந்துவிட்டன. பெயர் பஸ்ஸை நினைவூட்டுகிறது என்பதற்காக ஒரு நல்ல காரை ஒதுக்குவது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

படி 2: டிக்கியில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள்

இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். பிராண்டின் புகழ் ஒன்று, வாங்கப் போகும் மாடலில் கிடைப்பது வேறொன்று.

பிஎம்டபிள்யூ என்றாலே பின்சக்கர இழுவை என்று நினைத்து எக்ஸ்1 வாங்குகிறார்கள். எக்ஸ்1-ல் எஸ்டிரைவ் என்று இருந்தால் இழுப்பது முன்சக்கரம். 3 சீரிஸிலோ, எக்ஸ்டிரைவ் இல்லாத வண்டியை இழுப்பது பின்சக்கரம். நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் எக்ஸ்டிரைவ் என்று இருக்க வேண்டும். ஆடியிலும் இதே கதை: இங்கே விற்ற கடைசித் தலைமுறை ஏ4 முன்சக்கர இழுவை வண்டி, க்யூ3-ல் குவாட்ரோ உண்டு. பென்ஸில் 4மேட்டிக் என்ற எழுத்தைத் தேடுங்கள். ஜிஎல்ஏ வரிசையில் பெட்ரோல் 200-க்கு அது இல்லை, டீசல் 220டி-க்கு உண்டு.

மலைக்கு இது ஏன் முக்கியம்? ஏற்றத்தில் வண்டியின் எடை பின்பக்கம் சாய்கிறது, முன்சக்கரத்தின் பிடி குறைகிறது. மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவில், யூகலிப்டஸ் இலை கிடக்கும் இடத்தில், வளைவின் உள்பக்க முன்சக்கரம் சும்மா சுழலும். சக்கரம் வழுக்குவதைக் காட்டும் டிராக்ஷன் விளக்கு மினுக்கும். பின்சக்கர இழுவை அதே இடத்தில் தள்ளிக்கொண்டு ஏறும். ஆனால் நான்கு சக்கர இழுவை ஏறத்தான் உதவும், பிரேக் பிடிக்க உதவாது. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் உறைபனி படிந்த காலையில் வண்டியை நிறுத்துவது டயர்தான். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை டயர் பட்டன் தேயலாம். மலையில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள்.

வீல்பேஸையும், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரத்தையும், பாருங்கள். இந்தியாவில் விற்கும் நீண்ட 3 சீரிஸின் வீல்பேஸ் 2961 மில்லிமீட்டர். சாதாரண 3 சீரிஸைவிட 110 மில்லிமீட்டர் அதிகம். பின்சீட்டில் அப்பா அம்மா வசதியாக உட்காருவார்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியின் 36 வளைவுகளிலோ, உங்கள் வீட்டு கேட்டிலோ அந்த நீளம் எப்படி இருக்கும் என்பதைத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

படி 3: எந்த எஞ்சின்

ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்று ஏறக்குறைய 20 சதவீதம் மெலிவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் கிட்டத்தட்ட அந்த அளவுக்குச் சக்தி இழக்கும். இந்த நான்கு பிராண்டுகளின் இன்றைய எஞ்சின்களில் டர்போ இருப்பதால் இந்தக் கவலை அதிகமில்லை.

டீசலில் வேறு தொல்லை இருக்கிறது. பிஎஸ்6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை எரிக்க அந்த வடிகட்டி 600 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும், அதற்கு 15, 20 நிமிடம் தொடர்ந்து எஞ்சின் உழைக்க வேண்டும். சேரிங்கிராஸிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து ஃபிங்கர்போஸ்ட் என்று குளிரில் 3 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் அது நடக்காது. வடிகட்டி அடைத்து விளக்கு எரியும், பிறகு வண்டி இழுக்காது. வாரம் ஒரு முறையாவது மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுபவர் என்றால் டீசல் வாங்கலாம், அந்த ஏற்றமே வடிகட்டியைச் சுத்தம் செய்துவிடும். ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு பெட்ரோல்.

மின்சார கார் நினைப்பவர்கள் ஒரு கணக்கு தெரிந்துகொள்ளுங்கள். 2 டன் வண்டியை மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு உயர்த்துவதற்கு மட்டுமே 10 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும், சமதளத்தில் அதே தூரம் ஓட ஆகும் செலவு தனி. இறங்கும்போது அதில் ஒரு நல்ல பகுதி பேட்டரிக்குத் திரும்பும், பேட்டரியில் இடம் இருந்தால். ஊட்டியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால் திரும்பும் மின்சாரத்துக்கு இடமில்லை, மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, முழுச் சுமையும் பிரேக் பேடு மேல் விழும். 80, 85 சதவீதத்தோடு கிளம்புங்கள்.

படி 4: டெஸ்ட் டிரைவை மலையில் கேளுங்கள்

கோவை ஷோரூமில் அவினாசி ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார்கள். அதில் மலைக்குத் தேவையான எதுவும் தெரியாது. மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறி இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். வாங்கும் எண்ணம் உறுதி என்று தெரிந்தால் சம்மதிக்கும் ஷோரூம்கள் உண்டு. மறுத்தால் அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். அரை கோடி போடும் இடத்தில் இந்த வாடகை பெரிதில்லை. நான்கு பேரும் இரண்டு பெட்டியும் வண்டியில் இருக்கட்டும்.

ஏறும்போது: ஒரு செங்குத்தான இடத்தில், பின்னால் வண்டி இல்லாதபோது, முழுதாக நிறுத்துங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். ஹில் ஹோல்ட் சுமார் 2 விநாடி பிடிக்கும், அதற்குள் ஆக்சிலேட்டர் மிதித்தால் வண்டி பின்னால் நழுவாமல் எழ வேண்டும். இதை ஐந்து முறை செய்யுங்கள். எக்ஸ்1, ஜிஎல்ஏ, க்யூ3 ஆகியவற்றில் இருப்பது, இரண்டு கிளட்ச் வைத்துத் தானாக கியர் மாற்றும் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். 3 சீரிஸ், பென்ஸ் சி கிளாஸ், வோல்வோ எக்ஸ்சி60 ஆகியவற்றில், கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர். சீசன் கூட்டத்தில் வண்டி நத்தையாக ஊர்ந்து ஏறும்போது டூயல் கிளட்சில் கிளட்ச் சூடாகும். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால் சீக்கிரமே அதிர்வும் எச்சரிக்கையும் வரும். பிரேக்கைத் தானாகப் பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்ட் பட்டனைப் போட்டு, முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் விட்ட பிறகு நகருங்கள். மே மாதக் கூட்டத்தில்தான் உங்கள் போக்குவரத்து அதிகம் என்றால், எங்கள் தேர்வு டார்க் கன்வெர்ட்டர்.

இறங்கும்போது: இதுதான் பிராண்ட்களைப் பிரித்துக் காட்டும் இடம். டி-யில் விட்டு இறங்கினால் கியர்பாக்ஸ் எரிபொருள் மிச்சம் பிடிக்க மேல் கியருக்குப் போய்விடும், வண்டி வேகமெடுக்கும், நீங்கள் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருப்பீர்கள். மேனுவல் முறைக்கு மாற்றி, ஸ்டீயரிங் பின்னால் இருக்கும் கியர் மாற்றும் பேடிலில் 2-ஆம் கியரில் பிடியுங்கள். மீட்டரில் எம்2 என்று தெரிய வேண்டும். இரண்டு விஷயம் கவனியுங்கள்: கியர்பாக்ஸ் தானாகவே 3-க்குத் தாவுகிறதா, 2-ல் வண்டி தானாக வேகம் பிடிக்காமல் இறங்குகிறதா. பேடில் வசதி எல்லா வேரியன்ட்டிலும் வருவதில்லை. மலைக்காரருக்கு அது சன்ரூஃபைவிட முக்கியம்.

பிரேக்கை விடாமல் தேய்க்காதீர்கள். அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விடுங்கள். கல்லாறில் இறங்கியதும் நிறுத்தி இறங்கி நில்லுங்கள். கருகல் வாசனை வந்தால் உங்கள் ஓட்டுமுறையோ வண்டியின் எஞ்சின் பிரேக்கிங்கோ போதவில்லை என்று பொருள். பிரேக் ஆயிலின் கொதிநிலை காரணமாகச் சொல்கிறோம்: டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்கும், ஈரம் உறிஞ்சிய பிறகு 155 வரை இறங்கிவிடும். கொதித்து ஆவிக்குமிழ் வந்தால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். மூடுபனியும் மழையுமான ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுவதைத் தள்ளிப் போடவே கூடாது.

ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவதும் இந்த ஓட்டத்திலேயே பழகட்டும்.

படி 5: ஐந்து விலைகளை எழுத்தில் வாங்குங்கள்

மலையில் சொகுசு கார்களுக்கு அதிகாரப்பூர்வ ஷோரூம் சர்வீஸ் கிடையாது. ஊட்டியிலிருந்து கோவை சுமார் 90 கிலோமீட்டர், கொடைக்கானலிலிருந்து மதுரை 115-க்கு மேல். எனவே காரைப் பார்ப்பதற்கு முன் சர்வீஸ் அட்வைசரைப் பாருங்கள். முன் பிரேக் பேடு மற்றும் டிஸ்க், ஒரு டயர், ஒரு ஹெட்லைட், முன் கண்ணாடி, பேட்டரி. இந்த ஐந்தின் விலையை ஒவ்வொரு பிராண்டிலும் கேட்டு ஒரே தாளில் எழுதுங்கள். எல்இடி ஹெட்லைட் விலையைப் பார்த்ததும் பலர் ஒரு வேரியன்ட் கீழே இறங்கிவிடுவார்கள்.

ஸ்டெப்னி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ரன்ஃப்ளாட் டயர் என்றால் ஸ்டெப்னி இருக்காது. காற்று போன பிறகு 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் ஓடலாம் என்பதுதான் பொதுவான வரம்பு. குன்னூரிலிருந்து கோவை போய்ச் சேரலாம், அவலாஞ்சி போய்த் திரும்பி அதே டயரில் கோவைக்கும் இறங்க முடியாது. இன்சூரன்ஸ் உதவியில் வண்டியைத் தூக்கிச் செல்ல எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம், பிளாட்பெட் லாரி மலைக்கு வருமா என்றும் கேளுங்கள். நான்கு சக்கர இழுவை வண்டியை இரண்டு சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர்பாக்ஸ் போய்விடும்.

படி 6: செகண்ட்ஸ் என்றால்

சில எஞ்சின்களின் பெயரை மனப்பாடம் செய்யுங்கள். பிஎம்டபிள்யூவின் பழைய என்47 டீசலில் டைமிங் செயின் தேயும். செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால் வேலை பெரிது. 2012 வரையிலான ஆடி 1.8, 2.0 பெட்ரோலில் எஞ்சின் ஆயில் குடிக்கும் குறை பிரபலம். பென்ஸின் ஆரம்பகால ஓஎம்651 டீசலில் இன்ஜெக்டர் பழுதாகும். பதிவு ஆண்டு, சர்வீஸ் ரெக்கார்டு இரண்டையும் இவற்றோடு ஒப்பிடுங்கள். மலையிலேயே நின்ற வண்டி என்றால் சீட் தையலில் பூஞ்சை, கார்பெட்டுக்கு அடியில் ஈரம், பானெட்டுக்குள் எலி கடித்த ஒயர் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். புதுச்சேரி பதிவு மலிவாகக் கிடைக்கும், தமிழ்நாட்டில் நிரந்தரமாக ஓட்டினால் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டித்தான் ஆக வேண்டும்.

படி 7: வரி, பேரம்

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது பெட்ரோல், டீசல் காருக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். வரி கணக்கிடும் விலை 50 லட்சம் என்றால் 10 லட்சம். வாங்குவதற்கு நல்ல நேரம் ஆடி மாதம். நம்மவர்கள் வண்டி எடுக்கத் தயங்கும் மாதம் என்பதால் ஷோரூம் இறங்கி வரும், நீலகிரியில் மழையும் மூடுபனியும் இருப்பதால் டெஸ்ட் டிரைவிலேயே வைப்பரும் பின் ஃபாக் லைட்டும் தெரிந்துவிடும். விலை பேசி முடித்து, டெலிவரியை ஆவணியில் வைத்துக்கொள்ளலாம்.

படி 8: வீட்டுக்குக் கொண்டுவரும் நாள்

காற்றழுத்தத்தைக் கோவை வெயிலில் சரிபார்த்துவிட்டு மறந்துவிடாதீர்கள். மலை உயரம் காற்றழுத்தமானியில் 3 பிஎஸ்ஐ வரை கூட்டும், இரவுக் குளிர் 4, 5 குறைக்கும், காலையில் டயர் விளக்கு எரியலாம். மறுநாள் காலை, வண்டி ஓடும் முன், ஊட்டியிலேயே சரிசெய்யுங்கள்.

புது டயர் முதல் 300 கிலோமீட்டர் வரை முழுப் பிடி தராது, புது பிரேக் பேடு டிஸ்கோடு ஒட்டிப் படிய 500 கிலோமீட்டர் ஆகும். எஞ்சினும் 1500, 2000 கிலோமீட்டர் வரை அதிக ஆர்பிஎம் வேண்டாம் என்று கையேட்டில் இருக்கும். ஏறி வருவதில் பிரச்சினை இல்லை, மெதுவாக ஏறுங்கள். கீழே இறங்கும் முதல் பயணத்துக்கு கோத்தகிரி வழியையோ குன்னூர் வழியையோ எடுத்து, 2-ஆம் கியரில் இறங்குங்கள். கல்லட்டிப் பக்கம் 500 கிலோமீட்டர் முடிந்த பிறகு போகலாம்.