வீடுகளுக்கு நடுவே மான் வேட்டை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கிழக்கு மாநிலப் புறநகர்களில், வீடுகளுக்குப் பின்னால் மூன்று, நான்கு ஏக்கர் காட்டுத்துண்டுகள் நிறைய உண்டு. வெண்வால் மான்கள் அங்கேதான் பெருகிக் கிடக்கின்றன. துப்பாக்கிக்கு வழியில்லாத இடம் என்பதால் வில்தான் அங்கே ஆயுதம். வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) தன் பூங்காக்களிலேயே வில்வேட்டைக்காரர்களைக் கொண்டு மான்களைக் குறைக்கிறது. இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இந்தக் கட்டுரை அமெரிக்காவில் உரிமம் எடுத்து வேட்டையாடுகிறவர்களுக்கானது.

பெரிய காட்டில் பழகியவர்கள் மான் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்ப்பார்கள். இங்கே அது எங்கே போய் விழும் என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு நுரையீரலையும் அம்பு துளைத்தால்கூட மான் நூறு கெஜம் ஓடக்கூடும். நான்கு ஏக்கர் நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 140 கெஜம்கூட வராது. நட்டநடுவில் பரண் கட்டினாலும் எழுபது கெஜத்தில் அடுத்தவர் வேலி. அடிபட்ட மானைத் தேடிப் போவதற்கும் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பது பல மாநிலங்களில் சட்டம். அதனால் சீசன் தொடங்கும் முன்பே, பகலில் போய், சுற்றியுள்ள எல்லா வீட்டுக் கதவையும் தட்டிப் பேசி வைத்துவிடுங்கள். இருட்டிய பிறகு கையில் வில்லோடு போய் நின்றால் யார் கதவைத் திறப்பார்கள்?

அடுத்த தவறு, அம்பு பட்டதும் இறங்கி ஓடுவது. முதலில் அம்பை எடுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரையோடு ரத்தம் இருந்தால் நுரையீரல். அரை மணி நேரம் காத்திருந்து தேடப் போனால் போதும். கருஞ்சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஈரல். நான்கு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பச்சையாகப் பிசுபிசுத்து நாற்றமடித்தால் குடல். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். வயிற்றில் அடிபட்ட மான் பெரும்பாலும் பக்கத்திலேயே போய்ப் படுத்துவிடும். அவசரப்பட்டு அதை எழுப்பினால் தெருவைத் தாண்டி எங்கோ போய் வலியோடு சாகும். அது மானுக்குச் செய்யும் கொடுமை. நேராக உங்களைப் பார்த்து நிற்கும் மான் மீதும், இருபது கெஜத்துக்கு அப்பால் காதை விறைத்து நிற்கும் மான் மீதும் அம்பு விடாதீர்கள். நாண் சத்தம் கேட்டதும் அது உடலைத் தாழ்த்தும், குறி தப்பும்.

தூரக் கணக்கைக் கண்ணால் போடாதீர்கள். நியூயார்க்கில் 2014 முதல், வீடுகளிலிருந்து வில்லுக்கு 150 அடி, குறுக்குவில்லுக்கு (விசையைத் தட்டி அம்பு விடும் வில்) 250 அடி, துப்பாக்கிக்கு 500 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். மாசசூசெட்ஸில் எதுவானாலும் 500 அடி. தூரமானியால் அளந்துவிட்டுப் பரண் கட்டுங்கள். தரையில் உட்காருவதைவிடப் பரணே மேல். அம்பு கீழ்நோக்கிப் போய் மண்ணில் குத்தி நிற்கும். ஆனால் ஹார்னஸ் (உடலை மரத்தோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை) இல்லாமல் ஏறவே கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

இன்னொரு தவறு, தினமும் போய்ப் பரணில் உட்காருவது. புல்வெளியில் மனித வாடை இந்த மான்களுக்குச் சகஜம். புதருக்குள் அதே வாடை வந்தால் மிரண்டுவிடும். சின்ன இடத்தில் நாலைந்து தடவை போய் உட்காருவதே அதிகம். சாயங்காலம் குளிர்ந்த காற்று உங்கள் வாடையோடு பள்ளத்தை நோக்கி இறங்கும் என்பதால், மான் வரும் தடத்துக்கு மேலே, சரிவில் உட்காராதீர்கள்.

மானை அறுத்த இடத்தில் குடலை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பக்கத்து வீட்டு நாய் அதை வாசலுக்கு இழுத்து வந்தால், அடுத்த வருடம் உங்களுக்கு அனுமதி கிடைக்காது. பையில் அள்ளி, உங்கள் மாநில விதிப்படி அப்புறப்படுத்துங்கள். மானை வண்டியில் ஏற்றியதும் தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள்.